தரை காயும் வரை

ஜூன் 10, 2006, சனி. காப்பெல்.

கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தாயிற்று. அப்பப்பா, எத்தனை வருஷத் தூசி! அடியில் வெறும் சிமெண்ட், மஞ்சள் மஞ்சளாய்ப் பழைய பசை, சுவரோரம் ஆணி. என் மகள் வெண்பாவின் மூச்சுத் திணறலுக்கு இந்தத் தூசிதான் காரணம், தூசி தங்காத வைனில் தரை போடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. ஏழு வயசுக் குழந்தை, மே மாதத்தில் மட்டும் இரண்டு தடவை எமர்ஜென்சி.

வேலை முடியும்வரை அவள் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. இரண்டு தெரு தள்ளி என் சிநேகிதி மெஹர் நிஷா வீட்டில் விட்டு வந்தோம். அங்கே வீடு முழுக்க டைல்ஸ். "கலாக்கா, வொர்ரி பண்ணாதீங்க, எங்க ரிதாவோட சேர்ந்து இவளும் ஒரு பொண்ணு" என்றாள். நிஷா குடும்பம் ஜூலை ஐந்தாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறது. அதற்குள் தரை போட்டாக வேண்டும்.

திரும்பி வரும்போது காரில் அழுதேன். இரண்டு தெருதான். இருந்தாலும்.

ஜூன் 12, திங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணுகிற வேலை. வீட்டுத் தரையை விடுவாரா? ஒரு கட்டு பிரிண்ட் அவுட் எடுத்து வந்திருக்கிறார். பசையைச் சுரண்டுகிறார். சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். நீளக் கம்பியை வைத்துப் பள்ளம் பார்த்து, பூசி நிரப்புகிறார். பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டே குந்தியிருக்கிறார்.

"என்னங்க, தரைக்குத் தாகமா?" என்றேன்.

"சொட்டு உறிஞ்சுச்சுன்னாத்தான் பசை புடிக்கும், கலா. ஆனா அடியில ஈரம் இருக்கக்கூடாது. இருந்தா வைனில் தூக்கிரும், பூஞ்சை புடிக்கும். அப்புறம் புள்ளைக்குக் கார்ப்பெட்டே தேவலைன்னு ஆயிரும்."

கிண்டலை நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 13, செவ்வாய்.

கிச்சன், ஹால், வெண்பா ரூம், மூன்று இடத்திலும் சதுரமாகப் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மூன்று நாள் கழித்துத் திறந்தால் அடியில் நீர் கோத்திருக்கக் கூடாதாம். "தொட்டுராத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் ஏன் தொடப் போகிறேன்?

ஜூன் 14, புதன்.

இன்றைக்கு வீடு கழுவினேன்!

அவர் ஆபீஸ் போனதும் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். சுரண்டிய தூசி மூலைக்கு மூலை கிடக்கிறது, குழந்தை மூச்சுக்குள் போகிற தூசி, துடைத்தால் போய்விடுமா? இந்த அமெரிக்காவுக்கு வந்து பத்து வருஷம். வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிச் சீமாறால் தள்ளுகிற சத்தத்தை இன்றுதான் கேட்டேன். பின்கதவு வழியாகக் கறுப்புத் தண்ணீர் போகப் போக எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஷீட்டைத் தொடவில்லை, சுற்றித்தான் ஊற்றினேன். அவர் வருவதற்குள் காய்ந்தும்விட்டது.

ஜூன் 15, வியாழன்.

இன்றும் கழுவினேன். தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் போகிறது.

ஜூன் 16, வெள்ளி.

ஷீட்டைத் திறந்தார். மூன்றிலும் முத்து முத்தாக நீர். மனுஷன் முகம் செத்துப்போயிற்று. "அடியில பைப் எங்கியோ லீக் ஆவுது போல" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போனில் வெண்பா. "அம்மா, இஸ் இட் ட்ரை யெட்?" இல்லடா தங்கம், இன்னும் காயல என்றேன். "ஓகே" என்றாள். அவ்வளவுதான். அடம் பிடித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 19, திங்கள்.

பிளம்பர் வந்து குழாயை எல்லாம் அடைத்து, மீட்டர் முள்ளையே இரண்டு மணி நேரம் பார்த்தான். அசையவில்லை. லீக் இல்லை. அப்படியானால் ஈரம் எங்கிருந்து வருகிறது? பிளம்பரும் இவரும் கிளம்பிய பிறகு பார்த்தால் வீடெல்லாம் ஷூ மண். கழுவிவிட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்.

மறுபடியும் ஷீட். இந்தத் தடவை நாலு. சோபாவும் பெட்டிகளும் அடைத்து வைத்திருக்கிற சின்ன ரூமிலும் நெளிந்து புகுந்து ஒன்று ஒட்டினார்.

ஜூன் 21, புதன்.

கழுவினேன். நெற்றியில் குங்குமம் வைக்க மறந்துபோனேன். மனசு எங்கே இருக்கிறது?

ஜூன் 23, வெள்ளி.

மூன்று ஷீட்டிலும் முன்னைவிட நீர். சின்ன ரூம் மட்டும் சுக்காகக் காய்ந்து கிடக்கிறது.

"ஏன் இந்த ரூம் மட்டும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் டார்ச்சோடு குப்புறப் படுத்திருந்தார். "இங்க மட்டும் பூமியே வேறயா?"

நான் காபி டம்ளரோடு நின்றேன். சின்ன ரூம். பெட்டி அடைத்த ரூம். நான் கழுவாத ஒரே ரூம்.

ஐயோ கடவுளே.

நானா? பதிமூன்று நாளாக என் பிள்ளை அடுத்த வீட்டில் கிடப்பது என்னாலா? சுற்றி ஊற்றினால் அடியில் போகாதா, கூறுகெட்டவளே? அவர்தான் சொன்னாரே, இந்தத் தரை உறிஞ்சும் என்று!

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. நினைத்தேன்.

"ஏனுங்க... நீங்க ஆபீஸ் போனதும் நான் தெனமும் தண்ணி ஊத்திக் கழுவுறேனுங்க."

தலையைத் திருப்பிப் பார்த்தார். "தெனமுமா?"

"போன வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வீடு கழுவுனதையெல்லாம் யாராச்சும் சொல்லிட்டு இருப்பாங்களா? தூசி அவளுக்கு ஆவாதுன்னுதான்..." ஓவென்று அழுதேன்.

படுத்த வாக்கிலேயே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நானும் பூமியில ஊத்து கெடக்குதுன்னு நெனச்சுட்டன், புள்ள." கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீ ஊத்துனதுதான? பூமித் தண்ணியா இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. இது காஞ்சுரும். இதைவிட நல்ல செய்தி உண்டா?"

இப்படி ஒரு மனுஷனிடம் மறைக்கப் பார்த்தேனே.

ஜூன் 24, சனி.

மூன்று ஃபேன், ஈரம் இழுக்கிற மிஷின் ஒன்று. வீடு விமானம் மாதிரி இரைகிறது.

ஜூன் 26, திங்கள்.

பக்கெட்டைத் தூக்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். என்ன குசும்பு!

ஜூன் 30, வெள்ளி.

செவ்வாயன்று ஒட்டியதை இன்று திறந்தோம். "நீயே எடு" என்றார். டேப்பை உரித்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நாலும். நாளை காலையில் ஆட்கள் வருகிறார்கள். வாசம் இல்லாத பசையாம், நான்கு முறை கேட்டுவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்.

வெண்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாளாக ஜன்னலெல்லாம் திறந்துவைத்து வாசம் பார்த்தபிறகுதான் கூட்டிவந்தோம். சாக்ஸோடு கிச்சன் முதல் வாசல்வரை வழுக்கி விளையாடினாள். நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள், நீச்சல் கிளாஸில் நடந்த ஏதோ சண்டையை ஆரம்பித்தாள். அவள் சொன்னது, இவள் சொன்னது, டீச்சர் சொன்னது, மூச்சுவிடாமல் இங்கிலீஷ். ரசம் சாதம் ஆறிப்போகிறது.

"போதுண்டி, பேச்ச நிறுத்து, மொதல்ல சாப்புடு" என்று அதட்டினேன்.

எதிரே அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கி நிறுத்துகிற பிள்ளை; இந்த ஏழு வருஷத்தில் இவளைப் பார்த்து இப்படிச் சொல்ல எனக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை.

"இல்லடா கண்ணு, சொல்லு" என்றேன். "அப்புறம் டீச்சர் என்ன சொன்னாங்க?"