செல்லம்மாவின் தண்ணீர்ப் பை

தை 8, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிரே மாட்டுக் கொட்டகைகூடத் தெரியவில்லை. மிளகு பறிப்பு ஆரம்பம்.

செல்லம்மா ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினால் லேசில் இறங்க மாட்டாள். ஒரு கை கொடியில், ஒரு கை ஏணியில். செம்பைத் தூக்கிக் குடிப்பது எப்படி? போன வருடம் பறிப்பு முடிந்த கையோடு சிறுநீரகத்தில் கல். மலை இறங்கும் பஸ்ஸில் வலி தாங்காமல் என் தோளைக் கடித்தாள். தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடி வரும் என்று சேந்தமங்கலத்து டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கோவையிலிருந்து எங்கள் மகள் தன் பழைய மலையேற்றப் பையை அனுப்பியிருக்கிறாள். முதுகில் மாட்டிக்கொள்வது. உள்ளே தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் மாதிரி, ஆனால் உறிஞ்ச வேண்டும்.

செல்லம்மா ஒரு வாய் உறிஞ்சினாள். "ஏனுங்க, மழைக்கோட்டைப் புழிஞ்சு குடிச்சாப்ல இருக்குது."

செம்மேட்டுக் கடையில் வாங்க வேண்டியவை: சமையல் சோடா, எலுமிச்சை, டார்ச் செல்.

தை 10, சனி

பையில் வெந்நீரும் சோடாவும், இரவு முழுக்க. காலையில் எலுமிச்சைச் சாறு விட்டு அலசல். பையின் வாயை முகர்ந்தேன். வாடை இல்லை.

தண்ணீர் நிரப்பி அவள் முதுகில் மாட்டிவிட்டேன். மாலையில் பை காலி. ஒரு சொட்டு இல்லை. மனசு நிறைந்தது. சபாஷ் என்றேன். அவள் முறத்தைவிட்டு நிமிரவே இல்லை.

தை 11, ஞாயிறு

வெயில். உதிர்ந்த மிளகு பொறுக்கப் போனேன். செல்லம்மா ஏறியிருந்த மரத்தடி மட்டும் ஈரம். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி சிரிக்கிறான்: "வாத்தியாரே, உங்கூட்டுக்காரம்மா மேல நின்னே கொடிக்குத் தண்ணி பாய்ச்சறாங்க."

சாயங்காலம் கேட்டேன். முறத்து மிளகைக் கிளறினாள். பிறகு, "அத்தனை பாடுபட்டுக் கழுவிக் குடுத்தீங்க. நல்லால்லைன்னு எப்படிங்க சொல்றது?"

பையை வாங்கி நானே உறிஞ்சினேன். முதல் தடவையாக. மழைக்கோட்டேதான்.

கிணற்றைத் தூர் வாரிவிட்டு அழுக்கு வாளியில் இறைத்த கதை. பையைத்தான் கழுவினேன், குழாயைக் கழுவவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே வழவழவென்று பாசி. வாய் வைக்கும் ரப்பரில் என்றைக்கோ கரைத்த ஆரஞ்சுப் பொடி.

தை 12, திங்கள்

மெல்லிய கம்பியில் துணி கட்டி, பாவாடைக்கு நாடா கோப்பது போலக் குழாய்க்குள் விட்டோம். ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம். இழுக்க இழுக்கக் கறுப்பாக வந்தது. செல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாயையும் ரப்பரையும் சோடா நீரில் ஊறப்போட்டோம். நன்றாக அலசித் துணிக்கொடியில் தொங்கவிட்டாயிற்று.

மகளுக்குப் போன் செய்ய வேண்டும். பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

தை 13, செவ்வாய்

பனி விலகத் தாமதம். முதலில் நான் குடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அவளுக்கு மாட்டிவிட்டேன்.

கீழே மிளகு பொறுக்கினேன். அண்ணாந்து பார்ப்பதில்லை என்று முடிவு. மேலே இளநீரின் அடியை உறிஞ்சுவது போல ஒரு சத்தம்.

"ஏனுங்க, தீந்துபோச்சு. குடத்தைக் கொண்டாங்க."

மரத்தடியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மண்.