பேர் எழுதும் இடத்தில் வந்த உத்தரவு

நியூஜெர்சி, பிப்ரவரி 1998

அன்புள்ள அப்பாவுக்கு லேகா எழுதுதேன். நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்க குளிரைவிட எரிச்சல்தான் அதிகம். பயப்படாதீங்க, வேலை போகலை. எங்க கம்பெனி இணையப் பக்கத்துல வாடிக்கையாளர் பேர் எழுத ஒரு கட்டம் இருக்கு. எவனோ பேருக்குப் பின்னால ஒரு கட்டளையையும் சேத்து எழுதிட்டான். கம்ப்யூட்டர் அதையும் உத்தரவா எடுத்து, எல்லாரோட பாஸ்வேர்டையும் தூக்கிக் குடுத்திருச்சு. திருச்செந்தூர்ல அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லுதோம்லா? கூடவே ‘உண்டியல் சாவியைக் குடு’ன்னு ஒருத்தன் சொல்லி, அர்ச்சகரும் குடுத்தா எப்படி இருக்கும்? அதேதான்.

அந்தக் கட்டத்துல எழுத்தைத் தவிர வேற குறி எதையும் ஏத்துக்கக் கூடாதுன்னு தீவாளியில இருந்து கத்துதேன். “பேர் எழுதுற இடத்துல யார் வம்பு பண்ணப் போறா?”ன்னு மேனேஜர் சிரிச்சார். யார் என்ன எழுதினாங்கன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்ச பதிவுகளைப் பாத்துத் திருட்டைக் கண்டுபிடிச்சதும் நான்தான். இப்ப, “ஏன் முன்னாடியே சொல்லலை?”ன்னு என்னையே கேக்குதார்!

யாராவது இங்க வந்தா உடன்குடிக் கருப்பட்டி குடுத்துவிடுங்க. கருப்பட்டியும் இல்லாம, ஒத்தையில உக்காந்து காப்பி குடிச்சா ருசியே இல்ல.

மேனேஜர் கூப்பிடுதார். அடுத்து திருச்செந்தூர் போகையில எனக்கும் அர்ச்சனை பண்ணுங்க. பேர், நட்சத்திரத்தோட நிறுத்திராதீங்க. ‘இவளை ஊருக்கு அனுப்பிரு’ன்னும் சேத்துச் சொல்லுங்க.

உங்கள் மகள்,
சித்ரலேகா