அளவுக்கு மீறிக் கழுவிய தோல்

இன்று காலை, தோல் கழுவும் இயந்திரத்தில் நீ ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் ஊறிக் கழன்று விழுந்தது. "மணி அடிச்சதும் எடுத்துரு புள்ள" என்று எனக்காக நீ எழுதியது. குனிந்து எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்டியில், இந்தச் சின்ன அறையில், நாம் எத்தனை பேருடைய தோலைக் கழுவியிருப்போம்! இறந்தவர்கள் தந்த தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கி, தீயில் வெந்தவர்களுக்குத் தைக்க அனுப்புவோம். குறைவாகக் கழுவினால் வாங்குபவரின் உடம்பு ஏற்காது. கூடக் கழுவினால் வலுப் போய்விடும். நான் வாயடித்துக்கொண்டு நிற்பேன், நீ திட்டுவாய். "இது என்ன சீலையா, ஊறப்போட்டுட்டு ஊர்க்கத பேச?"

"நான் செத்தா என் தோலையும் குடுத்துரணும். நீதான் கழுவணும். வேற யாரும் தொட்டா பேயா வந்து கழுத்த நெரிப்பேன்" என்பாய். சிரிப்போம். தெல்தோட்டைப் பாதையில் உன் ஓட்டோ புரண்டதோடு அந்தச் சிரிப்பும் போயிற்று.

உன் தோல் வந்தபோது டொக்டர் என்னை ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார். "இல்ல சேர், நானே செய்றேன்" என்றேன். பாவி, அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். சின்ன வயதில் மலையில் அட்டை கடித்து, சொறிந்து சொறிந்து நீ உண்டாக்கிய மூன்று தழும்புகள் அதில் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. காதில் விழத்தான் செய்தது. எடுத்தால் உறையில் போட்டு மூடவேண்டும், நீ போய்விடுவாய். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெகுநேரம் விட்டுவிட்டேன்.

திகனவில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துக் கழுத்து வெந்த ஒரு தாய்க்கு அது போகவேண்டியது. தைக்கும்போது ஊசி ஏறிய இடமெல்லாம் அது கிழிந்தது. அவருக்கு வேறொருவரின் தோலைத் தைத்தார்கள். உன்னுடையதை எரிக்கக் கொடுத்தார்கள். டொக்டரிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். உன் வீட்டுக்காரரிடம் முடியவில்லையடி.

உன் திவசத்தன்று அவர் என்னை ஓரமாக அழைத்தார். "தங்கச்சி, அவ தோலு யாருக்காச்சும் ஒட்டுச்சா?"

"ஆமாண்ணே, திகனவுல ஒரு அம்மாவுக்கு."

கையெடுத்துக் கும்பிட்டார், என்னை! அதன்பிறகு எங்கே கண்டாலும் "அந்தம்மா சொகமா?" என்பார். சுகந்தான் அண்ணே என்பேன். நேற்று கட்டுகஸ்தோட்டையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவங்கள ஒரே ஒரு தடவ தூரத்துல நின்னு பாத்துக்கலாமா, தங்கச்சி? தொட மாட்டேன்."