எத்தனை மாசம்?

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நானும் தையல் மிஷினும் நலம். நீங்களும் உங்கள் கிரேனும் எப்படி இருக்கிறீர்கள்?

வீட்டுக்கடன் தவணை கட்டப் போனபோது வங்கிப் பெண்ணிடம் சும்மா விசாரித்தேன். நாம் கட்டும் பத்தாயிரத்தில் எட்டாயிரம் வட்டிக்கே போகிறதாம்! அப்படியென்றால் நாலு வருஷமாக எதைத்தான் அடைத்தோம்? விடாமல் துளைத்தேன். "மாசம் ஐயாயிரம் அதிகமா கட்டினீங்கன்னா, மிச்சமிருக்கிற பதினாறு வருஷம் ஏழாயிடும்க்கா" என்றாள்.

தையல் காசில் இந்த மாசமே ஆரம்பித்துவிட்டேன். கடன் முடிந்த மறுநாள் கிளம்பி வருவேன் என்றீர்களே, ஒன்பது வருஷம் முன்னாடியே வரலாம்! இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் "மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறேன். என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் முகம் சுண்டிப்போகிறது.

உங்கள் தையல்காரி

ஜூன் 21

என் கெட்டிக்காரிக்கு,

உன் கணக்கைப் படித்து வாயைப் பிளந்தேன். என் பங்குக்கு நானும் ஒன்று செய்திருக்கிறேன். இந்த ஊரில் இருக்கும் நம் வங்கிக் கிளைக்குக் கூப்பிட்டு, "ஒரு தவணைகூட தவறலையே சார், இன்னொரு கடன் தர்றோம்" என்றார்கள். பெருமை தாங்கவில்லை. பெரிய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் வியாழக்கிழமை வந்து இறங்கும். மாசம் மூவாயிரம்தான். நாளெல்லாம் தைக்கிற கை, துணியும் துவைக்க வேண்டுமா?

உன் கிரேன் டிரைவர்

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

பெட்டிகள் வந்தன. என் கையை நினைத்தீர்களே என்று அழுதேன். பிறகு கடன் தாளைப் பார்த்து இன்னொரு முறை அழுதேன். மாசம் எவ்வளவு என்று கேட்டீர்கள், எத்தனை மாசம் என்று கேட்டீர்களா? அறுபது. என் ஐயாயிரத்தில் மூவாயிரம் இதற்கே போய்விடும். வங்கிப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழு வருஷம் ஒன்பதாகிறது. உங்களை விட்டுவிட்டு அந்த டிவியில் நான் யாரைப் பார்க்க?

ஒன்றையும் பிரிக்கவில்லை. பதினைந்து நாளுக்குள் திருப்பலாமாம். ஆனால் "வாங்கினவர் சொல்லணும்மா" என்கிறார் கடைக்காரர். கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் தையல்காரி

ஜூலை 10

என் அருமைக்கு,

கோபமில்லை, வெட்கம்தான். எத்தனை மாசம் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. பத்து மாடி உயரத்தில் உட்கார எனக்குப் பயமில்லை. அந்த வங்கி மேஜைக்கு முன்னால் "எனக்குப் புரியலைங்க" என்று சொல்லத்தான் பயம்.

கடைக்காரரிடம் பேசிவிட்டேன், மூன்றையும் எடுத்துக்கொள்வார். அந்தப் பணத்தில் புதுக்கடனை அடைத்துவிடு.

ஏழு வருஷத்தில் வந்தால் எனக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பது என்றால் நாற்பத்தெட்டு. இந்தக் கணக்கை மட்டும் யாரையும் கேட்காமல் நானே போட்டேன்.

உன்னிடம் வந்து சேரப்போகும்,
கிரேன் டிரைவர்