மணல்மேடு காத்த தண்ணீர்

1936 ஜூலை 6
பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும்போது கடலோர வளவு ஆச்சிப்பிள்ளை தேத்தண்ணி தந்தாள். உப்புக் கரித்தது. கல்லடியில் அவள் கிணற்றுத் தண்ணிக்கு ஈடில்லை என்பார்கள். பத்து நாளாக இப்படித்தானாம். அவளுடைய கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை.

ஜூலை 8
கடற்கரை மணல்மேட்டைப் போய்ப் பார்த்தேன். புது வீதி போட அதை வெட்டி அள்ளுகிறார்கள். என் அண்ணன் தோமஸின் மாட்டுவண்டியும் அங்கேதான் மணல் ஏற்றுகிறது. தாழைகள் சாய்ந்து கிடக்கின்றன. அடம்பன் கொடியைச் சுருட்டி எறிந்திருக்கிறார்கள். குழியின் அடியில் தண்ணீர். தொட்டு நக்கினேன். கடல்தான்.

ஜூலை 9
பதினொரு கிணறு குடித்துப் பார்த்தேன். குழிக்குக் கிட்ட உள்ள நாலும் உப்பு. ஐந்தாவது இலேசாக. ஆறாவது எங்களுடையது, இன்னும் நல்ல தண்ணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் நாங்கள் குடிப்பது அந்த மேட்டு மணல் பிடித்து வைத்திருக்கிற மாரி மழை. இவ்வளவு காலமும் இதை ஏன் நினைக்கவில்லை?

ஜூலை 12
அண்ணனிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.
"மூணு வருசமாச் சும்மா கிடந்த வண்டி, செசீலியா. இப்பதான் ஓடுது."
"அண்ணன், ஆறாவது கிணறு நம்மடது."
எழும்பிப் போய்விட்டார். அம்மா, அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எனக்குத் துணை. பயமாகத்தான் கிடக்கு. எண்டாலும் விடமாட்டன்.

ஜூலை 13
அண்ணன் விடியுமுன்பே வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 20
இந்தப் பகுதிக்கு அதிகாரியான வன்னியனாரின் கந்தோருக்குப் பதினொரு வீட்டுப் பெண்களும் போனோம், ஆளுக்கொரு செம்புத் தண்ணீரும் மேடு வெட்டுவதை நிறுத்தக் கேட்கும் மனுவுமாக. மனுவை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் செம்புகளைக் கிணற்று வரிசைப்படி மேசையில் அடுக்கினேன். "ஐயா ஒவ்வொரு வாய் குடிச்சுப் பார்க்கோணும்" என்றேன். முதல் செம்பிலேயே முகம் சுளித்தார். ஐந்தாவதும் இலேசாகக் கரித்ததும், இனி ஆறாவதா என்று கேட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு குழிக்கு வந்தார்.

ஜூலை 25
வெட்டக்கூடாது என்று கட்டளை. வீதிக்கு மண் வேறிடத்திலிருந்து வருமாம். வண்டி வேலை வேறு ஆட்களுக்கு. எங்கள் வண்டி முற்றத்தில் நிற்கிறது. அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் செய்தது பிழையில்லை. பிழையில்லை.

ஆகஸ்ட் 2
பெண்களாகச் சேர்ந்து குழியோரம் தாழை நட்டோம். முள் கீறிய கையால் எழுதுகிறேன்.

1937 ஜனவரி 17
மாரி நன்றாகப் பெய்தது. மூன்று கிணறு தேறிவிட்டது. ஐந்தாவதும் நல்ல தண்ணி. ஆச்சிப்பிள்ளையுடையது மட்டும் இன்னும் கரிக்கிறது. குடத்தோடு எங்கள் வளவுக்கு வருகிறாள். குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. இன்று அண்ணன் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று இரண்டாவது கப்பி பூட்டிக்கொண்டிருந்தார்.
"ரெண்டு வீட்டுக்கு ஒரு கப்பி காணாது" என்றார், என்னைப் பார்க்காமல்.
நான் கயிறு வாங்கக் கடைக்குப் போனேன்.