ஈசானிய மூலை மதில்

ஐப்பசி 2, வெள்ளி

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போயிற்று. வாங்க வேண்டியவை: பிளேடு, மண்ணெண்ணெய், இருமல் மருந்து. அடையாறு போய் அக்காவைப் பார்க்க வேண்டும். அவள் மகள் செல்விக்குக் கல்யாணம், பதினெட்டாம் தேதி. தாய்மாமன் நான் ஒருவன்தான். எட்டிப் பார்க்கவில்லை என்று பேச்சு வந்துவிடும்.

ஐப்பசி 4, ஞாயிறு

அடையாறு. அத்தான் தி. நகர் ஜவுளிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வெள்ளை அடிப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து கார் ஷெட்டிலேயே. சாப்பாடு நன்றாக இருந்தது. அதோடு கிளம்பியிருக்கலாம். கொல்லைப் பக்கம் போனேன்.

கொல்லையைத் தாங்குவது ஆற்றோர மதில். இரண்டு ஆள் உயரம். சில வருஷம் முன்பு ஆற்றுப் பக்கம் சாய ஆரம்பித்தது. ஒரு கான்ட்ராக்டர் ஐந்து இடத்தில் துளை போட்டு, எஃகு வடங்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, கடைக்கோடியை சிமென்டில் பிடிக்க வைத்து, ஆற்றுப் பக்கம் இழுத்து இரும்புத் தகட்டில் ஆப்பு அடித்துப் பூட்டினார். மண்ணுக்குள் போட்ட நங்கூரம். மதில் நிற்பது அதனால்தான். பூட்டின தலைக்கு மேல் சிமென்ட் குல்லாய். மேலிருந்து குனிந்து பார்த்தேன். ஒன்றில் விரிசல், அதன் கீழே பழுப்பாக ஒழுகின கறை.

பாலங்களில் இதே வடத்தை இழுப்பதுதான் என் பிழைப்பு. கறையைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியவில்லை. மேஸ்திரியிடம் உளி வாங்கி ஆற்றுப் பக்கம் இறங்கினேன்.

“இன்னா சார், நல்லா கீறதைப் போய் ஒடைக்கிற?”

குல்லாயை உடைத்தால் உள்ளே கிரீஸ் பளபளவென்று. ஆப்புகள் புதுசு மாதிரி. அப்பாடா என்றிருந்தது. பிறகு தகட்டின் சந்தில் ஒரு கம்பியை விட்டுத் துழாவினேன். சிவப்புத் தண்ணீர் வந்தது. தகட்டுக்குப் பின்னால் ஒரு முழம் வெறும் பொந்து. வடத்தின் மேல் போட்ட குழாய் தகடு வரை வரவில்லை. பொந்தில் கிரீஸும் இல்லை, சிமென்டும் இல்லை. உப்புத் தண்ணீர் அங்கே ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. வடத்தின் கம்பிகளில் ஒன்றைத் தட்டி இழுத்தேன். விரல் நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. நுனி, பென்சில் சீவினது போல.

அத்தானிடம் காட்டினேன். “அஞ்சுல ஒண்ணுதானே மாப்ளே? மத்த நாலும் இருக்குல்லா?”

அந்த நாலையும் உடைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். “கல்யாண வீட்டுல இடிக்கிற சத்தம் ஆகாது. எல்லாம் முடியட்டும்.” நான் பஸ் ஏறுவதற்குள் புதுக் குல்லாய் போட்டு வெள்ளையும் அடித்தாயிற்று.

ஐப்பசி 8, வியாழன்

நல்ல மழை. நாளை பந்தக்கால். ஈசானிய மூலையில்தான் நட வேண்டுமாம். வீட்டுக்கு வடக்கே ஆறு. ஆக, ஈசானிய மூலை மதிலை ஒட்டின மூலை. கொல்லை முழுக்கப் பந்தல். நானூறு பேர்.

ஆபீஸிலிருந்து அத்தானுக்கு போன். மழையில் ஊறின மண் கனக்கும், மதிலைத் தள்ளும், வாசல் பக்கம் பந்தல் போடுங்கள், இல்லையென்றால் வடபழனியில் ஒரு மண்டபம் பிடியுங்கள் என்றேன். “இத்தனை வருஷம் மழை பெய்யலியா மாப்ளே?” வைத்துவிட்டார்.

இருமல் மருந்து இன்னும் வாங்கவில்லை.

ஐப்பசி 9, வெள்ளி

கால் நட்டாயிற்று. நவதானியம், பால், மஞ்சள் துணி. கடப்பாரை குத்தின ஒவ்வொரு தடவையும் மதிலைப் பார்த்தேன். அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“நட்ட காலைப் பிடுங்கச் சொல்லுதியா? என் பிள்ளை வாழ வேண்டாமா?” அழுதாள்.

கோபம். கொல்லையில்தான் கல்யாணம் என்றால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணமேடைக்கு யார் அழைத்து வருவார்கள்? அதற்காகவாவது இடத்தை மாற்றுவார்கள் என்று என் கணக்கு.

ஐப்பசி 15, வியாழன்

மாற்றவில்லை. எங்கள் சித்தப்பா மகன் மாமன் ஸ்தானத்தில் நிற்கிறானாம்.

செல்வி ஆபீஸுக்கே வந்தாள். “மாமா, எனக்காகவாவது வாங்க. விழுந்தா எல்லாரும் சேந்து விழுவோம்.” சிரித்தாள். பைத்தியம் என்று திட்டி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போயிருக்கலாம்.

ஐப்பசி 18, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. போகவில்லை. பட்டு வேட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி. மயிலாப்பூரில் இந்த ஒண்டுக் குடித்தனத்தில் மாடிப்படி ஏறுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு காலடிக்கும் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்காரர் கேட்கிறார், “நோக்கு உடம்பு சரியில்லையா?” ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு ஆள் கூடையோடு வந்தான். “கல்யாணம் ஜோரா நடந்துச்சு சார். அல்லாரும் உன்னியத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க.”

மதில்?

“இன்னா மதில்?”

கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். அவன் போனபின் வெட்கம் வந்தது. கூடையில் ஜாங்கிரி, லட்டு, வடை. எல்லாவற்றையும் தின்றேன்.

கார்த்திகை 5, புதன்

இருமல் அதிகம். அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். செல்வியும் மாப்பிள்ளையும் அங்கேயே இருக்கப்போகிறார்கள். அவர்களுக்காக அத்தான் கொல்லையில் ஓர் அறை கட்டுகிறார், மதிலை ஒட்டி. நானூறு பேரைத் தாங்கின மதில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். சனிக்கிழமை வாஸ்து நாள். முதல் கல் தாய்மாமன் கையால்தான் என்று செல்வி பிடிவாதம். பழையதை மறக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கும் போகாவிட்டால் உறவு முடிந்தது.

போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கார்த்திகை 8, சனி

மழை இல்லை. முதல் பஸ். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வேலைக்காரியைத் தாண்டி நேரே ஆற்றுச் சேற்றில் இறங்கினேன். கையில் சொந்த உளி, சுத்தியல். ஐந்து குல்லாயையும் உடைத்தேன். மூன்றில் அதே துரு, ஒன்றுதான் சுத்தம். மூலையில் இருந்ததில் வடமே அறுந்திருந்தது. தட்டினால் தகடு கடகடவென்று ஆடியது.

சத்தம் கேட்டு எல்லாரும் மதில் மேல் வந்து நின்றார்கள். பின்னால் போங்கள் என்று கத்தினேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அறுந்த துண்டுகளை அவர் கையில் வைத்தேன். கசக்கிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது.

“வெளியே கிரீஸ் அப்படியே இருக்கே மாப்ளே.”

ஆமாம் என்றேன்.

“கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

இது சில வாரத்தில் வருகிற துரு இல்லை என்றேன். துண்டுகளை மடியில் முடிந்துகொண்டார். பிறகு மேலே பார்த்து, கல் வைக்க வேண்டாம், ஐயரை அனுப்பிவிடுங்கள், யாரும் கொல்லைக்கு வரக்கூடாது என்றார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அக்கா மட்டும் போகவில்லை. மேலேயே நின்றாள்.

“அன்னைக்கே உனக்கு நிச்சயமாத் தெரியும். அப்படித்தானே?”

“தெரியும் அக்கா. சொன்னேனே.”

“தெரிஞ்சும் என் பிள்ளையை இங்கன நிக்க விட்டுட்டு, நீ மட்டும் உன் வீட்டுல இருந்துக்கிட்டியா?”

காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். காலில் சேறு காய்ந்துவிட்டது. இன்னும் கழுவவில்லை.