கவிதாவின் தொடைக் காயம்

சனிக்கிழமை, இரவு

உள்ளரங்க டென்னிஸில் இன்று பெண்கள் காலிறுதி. போட்டியின் பிசியோதெரபிஸ்டாக நான் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது செட்டில் தோற்றுக்கொண்டிருந்த கவிதா கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். அவள் அப்பாதான் கோச்.

தொடையை அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சட்டை விலகியபோது முதுகில் ரோத்தான் பிரம்பு பட்ட தடிப்புகள் தெரிந்தன.

"அக்கா, தோத்தா அப்பா அடிப்பாரு. காயம்னு சொல்லிருங்க, பிளீஸ் லா."

தசை கிழிந்துவிட்டது என்று நடுவரிடம் பொய் சொன்னேன். ஆட்டம் அதோடு நின்றது.

வெளியே அவள் அப்பா சிரித்தபடியே பையை வாங்கிக்கொண்டார். "நல்லாத்தானே ஓடினா? சரி, வீட்டுல போய்ப் பாத்துக்கிறேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினாள்.

முதுகுத் தடிப்புகளைப் பற்றிப் போட்டி அதிகாரியிடம் சொன்னேன். "குடும்ப விஷயம், காலையில பாக்கலாம் லா" என்றார். கவிதாவின் போன் அணைந்தே கிடக்கிறது. அந்த மனிதர் என் பொய்யை நம்பவில்லை. இனி அவளை என்ன செய்வாரோ.

இப்போதுதான் போலீசைக் கூப்பிட்டு கெலாங் பாத்தா ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டு முகவரியைச் சொன்னேன். போகிறோம் என்றார்கள். நானும் கிளம்புகிறேன். கார் சாவியை வீடெல்லாம் தேடினேன். இடது கையில்தான் இருக்கிறது.